நூற்றுப் பதினேழாம் பக்கத்து ஆமினா

786

மட்டாஞ்சேரி,
14-11-2025, வெள்ளி

அன்புள்ள கற்பகத்துக்கு,

ரஃபீனா இத்தா எழுதுவது. படைத்தவன் கருணையால் இங்கே யார் உடம்புக்கும் குறைவில்லை. உன்னையும் அந்த ஊர்க் குளிரையும் அவன் பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இத்தா ஏன் ஜெர்மனிக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். என் போன் என்னுடையது மட்டும் இல்லை. ஷமீல் எடுப்பான், அவன் பெண்டாட்டி லமியா எடுப்பாள், வீட்டுக்காரர் தன் போனில் சார்ஜ் போய்விட்டால் இதைத்தான் காதில் வைப்பார். கடிதம் என்றால் மேசைமேல் திறந்தே கிடக்கலாம். பேசும்போது வீட்டில் எல்லோருக்கும் தமிழ்தான். எழுத்து என்று வந்தால் மலையாளம். தமிழ் வாசிக்கிற ஆள் நான் ஒருத்திதான். கம்பத்தில் பத்தாம் வகுப்புவரை படித்ததற்கு ஐம்பத்தாறு வயதில் இப்படி ஓர் உபயோகம் வந்திருக்கிறது. இப்போது ஜும்ஆ நேரம். ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார்கள். லமியா மாடியில் துணி காயப்போடுகிறாள்.

உன் புத்தகம் பத்திரமாக வந்து சேர்ந்தது. கண்ணாடி அலமாரியில், ஷமீலின் கால்பந்துக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். லமியாதான் தினம் இரண்டு பக்கம் இங்கிலீஷில் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள். எங்கள் மிஸ்கீன் பாவா அடங்கியிருக்கிற மக்காம், வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு பின்பக்கத்துப் பெண்கள் அறையில் நாங்கள் கூடி ஓதுவது, கல்விளக்கில் எண்ணெய் ஊற்றி நேர்ச்சை வைப்பது, அந்த எண்ணெயைக் குப்பியில் எடுத்துப்போய்ப் பிள்ளைகள் நெற்றியில் தடவுவது, எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறாய். பெருமையாகத்தான் இருந்தது. ஒன்று மட்டும் உறுத்தியது. பக்கத்துக்குப் பக்கம், அவர்கள் நம்புகிறார்கள், அவர்கள் நம்புகிறார்கள் என்று வந்துகொண்டே இருந்தது. எட்டு மாதம் எங்களோடு பாயில் உட்கார்ந்தாய். எங்களோடு சர்க்கரைச் சோறு தின்றாய். நாங்கள் ஓதுகிறபோது நீயும் தலையில் துணி போட்டுக்கொண்டாய். புத்தகத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், நீ எங்கேயும் இல்லை. லமியாவிடம் சொன்னால், ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் உம்மா, வெளியே நின்றுதான் எழுத வேண்டும் என்கிறாள். அது இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஒரு நாள் காலையில் மூன்று பேர் மக்காமுக்கு வந்தார்கள். நான் பின்னறையில் திரி மாற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் சத்தம் எதுவும் போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். கமிட்டிச் செயலாளரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். செயலாளரான என் வீட்டுக்காரர் சாக்குக்கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். அவர்கள் கையில் உன் புத்தகத்தின் ஒரு பக்கம் பிரதி எடுத்து இருந்தது. நூற்றுப் பதினேழாம் பக்கம். நான்கு வரிக்கு மஞ்சள் பூசியிருந்தது. ஆமினா என்ற பெண் சொல்கிறாள்: இந்தக் கல்விளக்கு பாவா வருவதற்கும் முந்தியது. முன்பு இங்கே ஒரு பகவதி காவு இருந்தது. விளக்கு அதிலிருந்து எடுத்தது.

அப்படியென்றால் இந்த இடமே எங்களுடையதுதானே, நாங்கள் சட்டப்படி கேட்கப்போகிறோம் என்று பெரியவர் அமைதியாகச் சொன்னார். சுற்றிலும் போட்டோ எடுத்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், நிகில் என்று கூப்பிட்டார்கள். அவன் விளக்கின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். உதடு அசைந்தது. சண்டைக்கு வந்தவன் என்றால் எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது. அவன் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் சாயா குடிக்கும்போது வீட்டுக்காரர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார், யாராக்கும் இந்த ஆமினா, நம்ம கூட்டத்துல ஆமினான்னு ஒருத்தியும் இல்லையே என்று. நான் அவர் தட்டில் அரிசிப் பத்திரி வைத்துக்கொண்டிருந்தேன். அது என் கையிலேயே இரண்டாகக் கிழிந்துவிட்டது.

யாருக்கும் தொந்தரவு வரக்கூடாது, பல்கலைக்கழகத்து விதி என்று நீ எல்லார் பெயரையும் மாற்றி வைத்தாய். நல்ல மனதோடுதான் செய்தாய். ஆமினா யார் என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அல்லாஹ்வுக்குத் தெரியும்.

அச்சான புத்தகத்திலிருந்து நான்கு வரியை எடுத்துவிட முடியுமா? ஏன் என்று இப்போது கேட்காதே. போனும் செய்யாதே. முடியும் என்றால் முடியும் என்று தமிழில் ஒரு வரி எழுது. நீ தனியாக இருக்கிற பெண், கதவைத் தாழிட்டு வை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உன்னை யாரும் தேடி வந்துவிடக் கூடாது.

என்றும் உன் நலம் வேண்டும்,
ரஃபீனா இத்தா


786

மட்டாஞ்சேரி,
12-12-2025, வெள்ளி

அன்புள்ள கற்பகம்,

உன் பதில் வந்தது. கையால் எழுதி அனுப்பியிருக்கிறாய், சந்தோஷம். லமியா உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஸ்டாம்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நீ எழுதியிருப்பது எனக்குப் புரிகிறது. ஆமினா இப்படிச் சொல்கிறாள் என்றுதான் எழுதினாய், அது உண்மை என்று எழுதவில்லை, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு என்கிறாய். உன் வகுப்பறையில் இருக்கலாம். எங்கள் சந்தில் இல்லை. இங்கே அச்சில் வந்தால் அது நடந்தது. அப்புறம் கேட்டிருக்கிறாய், ஒலிப்பதிவில் இத்தா அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்களே, அதில் தவறு இருக்க முடியுமா என்று.

தவறு இல்லை கற்பகம். பொய். நான் உன்னிடம் பொய் சொன்னேன்.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். மிதுன மாசத்து மழை. உன் பேராசிரியரிடமிருந்து மெயில் வந்திருந்தது, விளக்கின் வயது என்ன, எங்கிருந்து வந்தது என்று ஒன்றும் இல்லாமல் அத்தியாயம் நிற்காது என்று. நீ காலையிலிருந்து சாப்பிடவில்லை. நான்காவது தடவையாக அதே கேள்வியைக் கேட்டாய். வீட்டுக்கு வந்தவளை வெறுங்கையோடு அனுப்பி எனக்குப் பழக்கம் இல்லை. உன் முகம் வாடியிருந்தது, ஏதாவது கொடுக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகத்தான் சொல்லி வைத்தார்கள்போல. அந்தக் கதையைச் சொன்னதும் உன் முகம் மலர்ந்தது. இரண்டு தட்டு கப்பைக்கிழங்கும் மீனும் தின்றாய். எனக்கும் நிம்மதியாக இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன்.

உண்மை என்னவென்று கேள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே மண்விளக்குதான். மழைக்காலத்தில் காற்று தள்ளி, வாரம் ஒன்று உடையும். என் மாமியார் ஃபாத்திமாதான் அப்போது பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மக்காமுக்கு அடுத்த கட்டடத்தில் கனகாம்பாள் மாமி இட்லிக்கடை வைத்திருந்தார். தொண்ணூற்றொன்றில் மாமி கரண்டில் ஓடுகிற கிரைண்டர் வாங்கினார். பழைய ஆட்டுக்கல் முற்றத்தில் மழையில் கிடந்தது. ஒரு மத்தியானம் அவர்கள் இருவருமாகப் பேசி முடிவு செய்து, நான் ஒரு பக்கம் பிடிக்க, மூன்று பேரும் உருட்டிக்கொண்டு போய் மக்காம் பின்னறையில் வைத்தோம். மாவு அரைக்கிற குழியில் எண்ணெய் நின்றது. கொத்தன் ஒருவன் சுற்றிலும் சிமென்ட் பூசி மேடை கட்டினான். அவ்வளவுதான். அதுதான் உன் கல்விளக்கு.

ஐந்தாறு வருஷத்தில் எண்ணெய் ஏறிக் கறுத்துவிட்டது. புதிதாக வந்த பெண்கள், பாவா கையால் வைத்த விளக்கு என்று தாங்களே சொல்லிக்கொண்டார்கள். மாமியார் சிரித்துக்கொண்டே போய்விடுவார். நானும் திருத்தவில்லை, வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. மாமியார் மௌத்தாகிப் பதினாறு வருஷம் ஆகிறது. மாமி மகனோடு ஆலுவாவுக்குப் போய்விட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எங்கள் சந்தில் ஆட்டுக்கல்லே மறைந்துவிட்டது.

இதை ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று இந்த ஒரு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது ஆட்டுக்கல் என்று முப்பத்துநாலு வருஷமாக எனக்குத் தெரியும். அதன் எண்ணெயைத்தான் என் பிள்ளைக்கும் தடவினேன். ஒரு நாள்கூட இரண்டும் எனக்குள் மோதியதில்லை. ஆட்டுக்கல்தான், பாவாவின் விளக்கும்தான். ஆனால் நீ நோட்டை விரித்து, பேனாவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்தபோது முதல் தடவையாக எனக்கு வெட்கம் வந்தது. ஜெர்மனியில் இருக்கிற படித்தவர்கள், இட்லிக்கடை ஆட்டுக்கல்லைச் சுற்றி இந்தப் பெண்கள் அழுகிறார்கள் என்று வாசித்துச் சிரிப்பார்களே என்று பட்டது. பழைய கோயில், காவு, பகவதி என்றால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன். உன் கண்ணால் எங்களைப் பார்த்தேன், அதனால் கெட்டேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ சிரித்திருக்க மாட்டாய் என்று இப்போது தெரிகிறது.

உன் அப்பா தவறிய செய்தி வந்த அன்றைக்கு நீ மக்காமுக்கு வந்தாய். நோட்டு இல்லை, ரிக்கார்டர் இல்லை. அந்தக் கல்லின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். நான் உன் நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்தேன், நீ விலகவில்லை. அன்றைக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது என்று நீ என்னைக் கேட்கவில்லை. இது ஏன் உன் புத்தகத்தில் இல்லை? கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். அந்த மூவரும் இடத்தை அளக்க வேண்டும் என்று மனுக் கொடுத்துவிட்டார்கள். கமிட்டிக்காரர்களுக்கு உதறல். வம்பு முழுக்க அந்த விளக்கால்தான், பெண்கள் பக்கத்தால்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஜனவரி இருபத்திரண்டாம் தேதி வியாழக்கிழமை கூட்டம். அதற்குள் ஆமினா யார், அவள் சொன்னதற்கு என்ன ஆதாரம் என்று தெரியாவிட்டால், கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டுப் பின்னறை வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்களாம். பெண்கள் வீட்டிலிருந்தே ஓதிக்கொள்ளட்டும் என்கிறார்கள். இத்தனைக்கும் அந்தக் கமிட்டித் தீர்மானத்தில் ஒப்புப் போட்டவர் என் வீட்டுக்காரர். நேற்று வியாழக்கிழமை அறுபது பெண்கள் வந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் காய்ச்சல் பிள்ளை. எண்ணெய் எடுத்துக் கொடுங்கள் இத்தா என்றாள். அந்த நிகில் கையை வைத்த நாளிலிருந்து நான் அந்த எண்ணெயைத் தொடுவதில்லை. பாவா விளக்கைப் பற்றிப் பொய் சொன்னவளின் கை இது. வேறொருத்தியை எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது. சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். வாசலில் பைக் நின்றால் கதவைத் தாழிட ஓடுகிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். நீ படித்தவள். அந்தப் பக்கத்தை மாற்றி எழுத வழி உண்டா, அதற்கு நான் என்ன செய்ய வேண்டும், சீக்கிரம் சொல்.

உன்னை ஏமாற்றியவளை மன்னிக்க மனம் வந்தால் மன்னித்துவிடு. வராவிட்டாலும் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

ரஃபீனா இத்தா


786

மட்டாஞ்சேரி,
9-1-2026, வெள்ளி

அன்புள்ள கற்பகம்,

உன் இரண்டாவது கடிதத்தைப் பிரிக்கவே எனக்கு அரை நாள் ஆனது. திட்டுவாய் என்று நினைத்தேன். என்மேலும் தவறு இருக்கிறது இத்தா, நான் பசியோடு நின்று கேட்டேன், நீங்கள் சோறு போடுவதுபோல் பதில் போட்டீர்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் அழுதுவிட்டேன்.

திருத்தம் எழுதி வெளியிடுவேன், ஆனால் ஆதாரம் வேண்டும், ஆமினாவின் சம்மதமும் வேண்டும், இல்லாவிட்டால் யாரோ மிரட்டி மாற்ற வைத்தார்கள் என்றுதான் பேசுவார்கள் என்று சொல்லியிருக்கிறாய். ஒரு ஆராய்ச்சிக்காரர் தன் புத்தகத்தில் தவறு என்று தானே எழுதினால் என்ன ஆகும் என்று சும்மா கேட்பதுபோல லமியாவிடம் கேட்டேன். வேலை நிரந்தரமாகாத ஆள் என்றால் கஷ்டம்தான் உம்மா என்றாள். இதை நீ எனக்கு எழுதவில்லை.

ஆதாரம் தேடிப் போன கதையைக் கேள். உன் வேலையை நான் செய்ய வேண்டி வந்துவிட்டது.

ஒரு சொந்தக்காரியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆலுவாவுக்குப் போனேன். மாமியின் மகன் வெங்கிட்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் பலகாரக்கடை வைத்திருக்கிறான், கடைக்கு மேலேயே வீடு. மாமிக்கு எண்பத்துநாலு வயது. வெங்கிட்டு முன்கூட்டியே சொல்லிவிட்டான், அம்மாவுக்கு ஆளும் காலமும் குழம்பும் என்று. அப்படியேதான் இருந்தது. என்னைப் பார்த்ததும், வா ஃபாத்திமா, உன் மருமகள் சௌக்கியமா என்று கேட்டார். மருமகளே நான்தான். சௌக்கியம் மாமி என்றேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், மாமி, ஆட்டுக்கல் ஞாபகம் இருக்கா என்றேன். உடனே தெளிந்துவிட்டார். விளக்கு எரியறதோல்லியோ என்று கேட்டார். எரிகிறது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுக்கு அடியில ஒரு விரிசல் உண்டாக்கும், மாவு ஒழுகும், அதனாலதான் அதை வெளியில போட்டேன், எண்ணெய் நிக்கறதா என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது கற்பகம். விரிசல் இருப்பதே எனக்குத் தெரியாது. முப்பத்துநாலு வருஷத்தில் மேடையில் ஒரு சொட்டு ஒழுகிப் பார்த்ததில்லை. கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடைத்திருக்கும் என்று நீ எழுதுவாய். எழுது, எனக்கு ஆட்சேபம் இல்லை. அதுவும் உண்மையாக இருக்கலாம். நான் ஸ்டேஷன் பக்கத்து அந்தச் சின்ன அறையில், ஒரு கிழவியின் கட்டிலுக்குப் பக்கத்தில், பாவாவே என்று வாய்விட்டுச் சொன்னேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆட்டுக்கல்லின் குழவி இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறது. பால்கனியில் துளசித்தொட்டி சாயாமல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். வெங்கிட்டு கழுவித் துடைத்துக் கொடுத்தான். அம்மா வரமுடியாது, வேண்டுமென்றால் நான் வந்து சாட்சி சொல்கிறேன், சின்ன வயசில் அந்தக் கல்லில் மாவு தள்ளி விட்டவன் நான் என்றான். இரண்டு துணிப்பைக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன். மெட்ரோ ஸ்டேஷனில் பையை இயந்திரத்துக்குள் விட்டதும் காவலுக்கு நின்ற பெண் திடுக்கிட்டு, எந்தா சேச்சி இது என்று கேட்டாள். மாவாட்ட என்றேன். ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து போட்டில் வரும்போது மடியிலேயே வைத்திருந்தேன். யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டே வந்தேன். பொய் சொல்லிச் சூடுபட்டும் புத்தி அந்தப் பக்கம்தான் ஓடுகிறது.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் அடுக்களையில் அதைப் பார்த்துவிட்டார். இது எதுக்கு என்று கேட்டார். பதிலெல்லாம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் வாயில் வந்தது, நான்தான் ஆமினா என்பது.

முழுவதும் சொன்னேன். அவர் கை ஓங்குவார், குறைந்தது கத்தவாவது செய்வார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். குழவியைப் பார்த்துக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டார். ஷமீலுக்கு மூணு வயசுல வலிப்பு வந்தப்போ நெத்தியில தடவுனோமே, அது இந்த எண்ணெய்தானா என்று. அதே எண்ணெய்தான் என்றேன். அப்ப அது இட்லிக்கல்லு எண்ணெயா என்றார். பிள்ளைக்கு அன்றைக்குச் சுகமானது, அது நடந்தது, கல்லின் பெயரை மாற்றிச் சொன்னால் அது நடக்காததாகிவிடுமா என்று கேட்டேன். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. மக்காமுக்குப் போவார், முன்பக்கம் நின்று ஃபாத்திஹா ஓதுவார், பின்னறைப் பக்கம் திரும்பாமல் வந்துவிடுவார்.

அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை, பயம்தான். முப்பது வருஷம் நம்பிய மனிதருக்கே நான்கு நாள் ஆகிறது. அந்த அறுபது பெண்களுக்கு என்ன ஆகும்? காய்ச்சல் பிள்ளையோடு வந்தவளுக்கு என்ன ஆகும்? அறையைக் காப்பாற்றப் போய், அதற்குள் இருப்பதை நானே கொன்றுவிடுவேனோ என்று தோன்றுகிறது. நீ வெளியே நின்று எழுதிவிட்டுப் போய்விட்டாய். நான் வெளியே வந்து நின்று பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போக வேண்டும். வழி திறந்திருக்குமா என்று தெரியவில்லை.

இன்று காலை குளித்துவிட்டு வந்தவர், குழவியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். கூட்டத்தன்னிக்கு நான் கொண்டுவர்றேன், உன்னால ஆகாது என்றார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். குழியில பொருந்தலைன்னா நம்ம கதை முடிஞ்சது என்றார். பொருந்துச்சுன்னா என்று ஆரம்பித்துவிட்டு, மேலே சொல்லாமல் ஜும்ஆவுக்குப் போய்விட்டார்.

ஏற்பாடு இதுதான். ஜனவரி இருபத்திரண்டு, வியாழன், அசருக்குப் பிறகு. கமிட்டிக்காரர்கள், எங்கள் பெண்கள், வெங்கிட்டு, அந்த மூன்று பேர், எல்லோரையும் வரச்சொல்லியிருக்கிறோம். நிகில் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவன் கண்ணை மூடிக் கும்பிட்டதற்கும் நான்தானே பதில் சொல்ல வேண்டும். எண்ணெயை வடித்து எடுத்துவிட்டு, எல்லார் முன்னாலும் குழவியை நானே குழியில் இறக்குவேன். என் பெயரைச் சொல்வேன், நான் சொன்ன பொய்யைச் சொல்வேன். இட்லிக்கடை இருந்த இடம் என்று வேண்டுமானால் மனுக் கொடுக்கட்டும்.

அதற்குப் பிறகு குழவியை எடுத்துவிட்டு, எண்ணெயைத் திரும்ப ஊற்றித் திரி போடுவேன். அங்கேதான் எனக்கு உயிர் போகிறது. விரிசல் உள்ள கல். அத்தனை கனத்தை இறக்கி எடுத்த பிறகு எண்ணெய் நிற்குமா? ஒரு சொட்டு ஒழுகி மேடையில் இறங்கினால் போதும், அறுபது பேரும் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் பார்ப்பார். ஊற்றாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். ஊற்றாவிட்டால் அது வெறும் ஆட்டுக்கல்லாகவே நின்றுவிடும்.

உன் திருத்தத்தில் ஆமினா என்று போடாதே. ரஃபீனா, ஜாபர் சாதிக்கின் மனைவி, மிஸ்கீன் பாவா மக்காம் சந்து, மட்டாஞ்சேரி என்று போடு. இந்தக் கடிதமே என் சம்மதம். உன் வேலைக்கு இதனால் கெடுதல் வரும் என்றால், இத்தா பொய் சொல்லி என்னை ஏமாற்றினாள் என்று அப்படியே எழுது. நான் மறுக்க மாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். இங்கே மாலை நாலரை என்றால் அங்கே நடுப்பகல் பன்னிரண்டு மணி என்று லமியா கணக்குப் பார்த்துச் சொன்னாள். அந்த நேரத்தில் உனக்கு வகுப்பு இருக்கும், வேலை இருக்கும். எனக்காக துஆ செய் என்று சொல்ல மாட்டேன், உனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று தெரியும். ஆனால் உன் அப்பாவுக்காக அன்றைக்கு எங்கள் கல்லில் கையை வைத்துக்கொண்டு நீ ஏதோ செய்தாயே, அது என்னவென்று நான் கேட்டதே இல்லை, இப்போதும் கேட்கவில்லை. வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அதை ஒரு தடவை எங்களுக்காகச் செய்.

இப்படிக்கு,
ரஃபீனா